மகிழ்ச்சியில் வாடும் குடும்பத்தார்

பிள்ளைகளே, கடலூர் முதுநகரில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் உயிரோடு இருந்தபோது அழகாக இருந்ததில்லை. செத்த பிறகுதான் ஒவ்வொருவராக அழகானார்கள். அதற்குக் காரணம் ஒரே ஒரு ஆள். அஞ்சலி அண்ணன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் வீட்டு கரண்ட் பில்லில் இருந்திருக்கலாம், நான் பார்த்ததில்லை. அவர் வைத்திருந்தது ஃப்ளெக்ஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று ஊரில் எத்தனையோ விசேஷத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கிறார்கள். அவருக்குக் கைவந்தது ஒன்றே ஒன்றுதான், கண்ணீர் அஞ்சலி. அதனால் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

என் பஞ்சர் கடையும் அவர் கடையும் பக்கத்துப் பக்கத்தில். நடுவே ஒரு தகரம்தான் சுவர். நான் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருக்கும்போது தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "வயசு எத்தினிங்க? ஹார்ட்டா? வேற போட்டோ எதுவும் இல்லியா?" பஞ்சர் ஒட்ட வந்தவர், "நான் அப்புறம் வரேன்" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்விடுவார்.

அவர் கழுத்தில் எந்நேரமும் ஒரு இஞ்ச் டேப் தொங்கும். ஃப்ளெக்ஸ் கட்டும் இடத்தை அளப்பதற்குத்தான். ஆனாலும் அந்த டேப்போடு அவர் தெருவில் நடந்து வந்தால், திண்ணையில் இருமிக்கொண்டிருப்பவர்கள்கூட இருமலை விழுங்கிக்கொள்வார்கள்.

வேலையில் அவரை அடிக்க ஆள் கிடையாது. எங்கள் தெருவில் ஒரு கறிக்கடைக்காரர் இருந்தார். அவர் முறைத்தால் ஆடு தானாகவே கழுத்தை நீட்டும் என்று சொல்வோம். அவர் போனபோது அஞ்சலி அண்ணன் அடித்த ஃப்ளெக்ஸைப் பார்க்க வேண்டுமே! மேகத்துக்கு நடுவில், தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்தோடு, பச்சைக் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அதன் முன்னால் நின்று அழுததைவிட வியந்ததுதான் ஜாஸ்தி. "இந்த மனுசன் வீட்டுல ஒரு நாள் இப்பிடி சிரிச்சதில்லியே" என்றார்.

சந்தோஷமான விசேஷம் வந்தால்தான் கஷ்டம். கீரப்பாளையத்திலிருந்து ஒரு பெண்ணைப் பெற்றவர் கல்யாண ஃப்ளெக்ஸ் வாங்கிப் போனார். மறுநாள் அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"என்னாங்க இது? மாப்பிள்ள, பொண்ணு ரெண்டு பேரும் மேகத்துல நிக்கிறாங்க. கீழ விளக்கு எரியுது. மேல புறா பறக்குது. வர்றவங்க மொய் எழுதறதா, மலர்வளையம் வெக்கறதா?"

அஞ்சலி அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"புறா வேணாமா?"

"யோவ், மேகமே வேணாம்யா!"

"மேகம் இல்லாம அவுங்க எங்க நிப்பாங்க?" என்று கேட்டார் அஞ்சலி அண்ணன். கிண்டல் இல்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. அவர் உயிரோடு இருப்பவர்களையும் விடமாட்டார். யாராவது வெயிலில் கொஞ்சம் முகம் மலர்ந்து நின்றால் போதும், கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். "அப்பிடியே இருங்க, அப்பிடியே இருங்க. இந்தச் சிரிப்பு திரும்பக் கெடைக்காது." கிளிக். படம் அவருடைய பழைய கம்ப்யூட்டருக்குள் போய்விடும். டீக்கடைக்காரர், தபால்காரர், என் மனைவி, நான் என்று தெரு முழுவதும் அதற்குள் இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு மேகம் தயார்.

பயந்தவர்களே ஜாஸ்தி. ஒரே ஒரு ஆள் மட்டும் தானாகத் தேடி வருவார். அவர் ரிட்டையர்டு ஓவர்சியர். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து, தன்னுடைய அஞ்சலி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவார்.

"மீசைய இன்னும் கொஞ்சம் கருப்பாக்குப்பா."

"போன வருஷமே ஆக்கிட்டேன் சார்."

"இன்னும்."

"இதுக்கு மேல ஆக்கினா நீங்க யாருன்னே தெரியாது சார்."

"தெரியாட்டி என்ன, கீழ பேரு போடுவ இல்ல?"

ஓவர்சியர் இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கிறார். மீசை மட்டும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் வருஷத்துக்கு வருஷம் வாலிபமாகிக்கொண்டே போகிறது.

ஒருநாள் நான் கேட்டேவிட்டேன். "ஏண்ணே, உசுரோட இருக்கறவன இப்பிடித் தொரத்தறீங்க?"

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "செத்த வூட்டுல போட்டோ தேடிப் பாத்திருக்கியா தம்பி? பீரோவத் தலகீழா கொட்டுவான். ஆதார் கார்ட எடுத்துகினு ஓடியாருவான். அதுல இருக்கறது அவன் அம்மாதானான்னு அவனுக்கே தெரியாது. எவன் கல்யாணத்துலயோ ஓரமா நின்ன படம் ஒன்னு கெடைக்கும். பாதி மூஞ்சிய பந்தக்கால் மறைச்சிகினு இருக்கும். கம்பத்த எடுத்துட்டு மூஞ்சிய வெச்சிக் குடுங்கண்ணேன்னு அழுவான். நான் எங்க போவேன் அந்தப் பாதி மூஞ்சிக்கு?"

அதற்குப் பிறகு அவர் கேமராவைத் தூக்கினால் நான் ஓடுவதில்லை. கையில் இருக்கும் கிரீஸைத் துடைத்துவிட்டு நின்றுகொள்வேன்.

இனி என் மகள் பவித்ராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் பவி. சின்ன வயதிலிருந்தே டாக்டராக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டாள். எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அவள் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு டாக்டரம்மா எங்கள் பக்கத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, என்ன செய்தோம், இனி என்ன ஆகும் என்று சொன்னார். அதுவரை எங்களிடம் பேசிய எல்லா டாக்டரும் நடந்துகொண்டே பேசியவர்கள். உட்கார்ந்து பேசியவர் அவர் ஒருவர்தான். பவி அப்போது அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிளஸ் டூ முடித்துவிட்டு நீட் எழுதினாள். ரிசல்ட் வருவதற்கு முன்னால், சரியான விடைகள் வெளியாயின. என் மச்சான் குமார், அதாவது என் மனைவியின் தம்பி, புவனகிரியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து மார்க் போட்டான். கூட்டி முடித்ததும் துள்ளிக் குதித்தான்.

"மாமா! சீட்டு கன்ஃபார்ம் மாமா! கவர்மெண்டு காலேஜு!"

"மாமா, ரிசல்ட் வரட்டுமே" என்றாள் பவி.

"நீ சும்மா இரு டாக்டரு!"

சரியான விடைக்கெல்லாம் மார்க் போட்ட குமார், தவறான விடைக்குக் கழிக்க வேண்டியதைக் கழிக்கவில்லை. செல்போனில் ஒரு ஸ்க்ரூவைக்கூட மறக்காதவன் இதை மறந்தான். சந்தோஷத்தில் யாருக்கும் கழிக்கத் தோன்றவில்லை.

அன்று மாலையே அவன் அஞ்சலி அண்ணன் கடையில் போய் நின்றான். தகரத்துக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"அண்ணே, பெருசா ஒன்னு அடிங்க. வருங்கால டாக்டர் பவித்ரா. தெருமுனையில கட்டறோம்."

"ரிசல்ட் வந்துடுச்சா?"

"வரும்ணே."

"வரட்டுமே. என்கிட்ட ஃப்ளெக்ஸ் அடிக்க வர்றவன் எவனும் முன்கூட்டி வந்ததில்ல. நடந்து முடிஞ்சப்புறம்தான் வருவான்."

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதாண்ணே?"

அஞ்சலி அண்ணன் பெருமூச்சு விட்டது தகரத்தைத் தாண்டிக் கேட்டது. பிறகு மெஷின் ஓடும் சத்தம்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப் பக்கத்தில் என் மகள் மேகத்தில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு மூலையிலும் குத்துவிளக்கு எரிந்தது. மேலே வெள்ளைப் புறா. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். பிறந்த தேதிக்கு முன்னால் 'தோற்றம்' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் வழக்கமாக வரும் இன்னொரு சொல்லை அழித்திருந்தார், ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் இரண்டு புள்ளி அப்படியே நின்றது, நிரப்புவதற்காகக் காத்திருக்கிற மாதிரி. எல்லாவற்றுக்கும் கீழே, எப்போதும் போடுகிற வரியில் ஒரே ஒரு சொல்லை மாற்றியிருந்தார். 'மகிழ்ச்சியில் வாடும் குடும்பத்தார்.'

நான் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். குமார் செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

அன்று மத்தியானம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து என் சித்தப்பா வேறு ஏதோ வேலையாகக் கடலூருக்கு வந்தார். பஸ்ஸில் இருந்தபடியே தெருமுனையைப் பார்த்தவர், "ஐயோ!" என்று கத்திக்கொண்டு ஓடும் வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கிறார். எதிரே இருந்த பூக்கடையில் பெரிய மாலையாக ஒன்று வாங்கிக்கொண்டு, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"டேய், எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதாடா? நான் என்ன அன்னியமாடா?" என்று கதறினார்.

"என்னா சித்தப்பா? என்னாச்சி?" என்று நான் ஓடி வந்தேன்.

"பிஞ்சுடா அது! பிஞ்சு!"

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து கதவைத் திறந்துகொண்டு வந்தது பிஞ்சுதான். கையில் டீ டம்ளர். "வாங்க தாத்தா" என்றாள்.

சித்தப்பா ஒருமுறை பவியைப் பார்த்தார், ஒருமுறை மாலையைப் பார்த்தார். பிறகு மாலையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். எங்கள் தெருவில் சுற்றும் ஆடு ஒன்று பின்னாலிருந்து அதைத் தின்னத் தொடங்கியது. அவர் விட்டுக் கொடுத்துவிட்டார். "டாக்டராமே? சந்தோசம்மா" என்று சொல்லி, அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீயைக் குடித்தார்.

அன்று நாங்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த வருஷத்தில் கடைசியாகச் சிரித்தது அன்றுதான்.

ரிசல்ட் வந்தது. குமார் கழிக்காமல் விட்டதையெல்லாம் கழித்துக்கொண்டு வந்தது. சீட்டு கிடைக்கும் தூரத்திலேயே பவி இல்லை. குமாரின் போன் ஸ்விட்ச் ஆஃப் ஆனது. ஃப்ளெக்ஸ் மட்டும் தெருமுனையிலேயே இருந்தது. அதை அவிழ்க்க யாருக்கும் கை வரவில்லை. பவி பால் வாங்கப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் தன் முகத்துக்குக் கீழேதான் போய் வர வேண்டும்.

ஒருநாள் சாயங்காலம் என்னிடம் சொன்னாள். "தாத்தா நெனச்ச மாதிரியே எல்லாரும் நெனச்சிட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்பா. டாக்டர் சீட்டு என்னாச்சின்னு யாரும் கேக்கமாட்டாங்க."

பிள்ளைகளே, அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனாலும் அன்றிலிருந்து கடையை அடைக்கும்வரை இரண்டு மூன்று தடவை வீட்டுக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன். கேட்டால், தண்ணீர் குடிக்க வந்தேன் என்பேன்.

அடுத்த நாள் அஞ்சலி அண்ணன் மூங்கில் ஏணியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஏறி, கயிறுகளை அறுத்து, முகம் உள்பக்கம் வரும்படி மடித்து எடுத்துக்கொண்டு தன் கடைக்குள் போய், கொஞ்ச நேரம் கழித்து அதோடு என்னிடம் வந்தார். என் கடைக்கு முன்னால் வெயிலுக்குக் கட்டியிருந்த சாக்கு கிழிந்து தொங்கியது. அதை எடுத்துவிட்டு இந்த ஃப்ளெக்ஸைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். விரித்துப் பார்த்தேன். விளக்கு இருந்தது, புறா இருந்தது, மேகம் இருந்தது. நடுவில் பவியின் முகம் இருந்த இடத்தை மட்டும் முட்டை வடிவில் வெட்டி எடுத்திருந்தார்.

"என்னண்ணே, நடுவுல ஓட்டையா இருக்கு? மழை வந்தா என் தலையிலதான் ஊத்தும்."

"ஊத்தட்டும்" என்றார். "புள்ள மூஞ்சியில ஊத்தக் கூடாது."

அந்த மழைக்காலம் முழுவதும் நான் நனைந்துகொண்டேதான் பஞ்சர் ஒட்டினேன்.

பவியைச் சிதம்பரத்தில் ஒரு காலேஜில் பி.எஸ்சி. விலங்கியல் சேர்த்தோம். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவாள். பையில் காலேஜ் புத்தகத்துக்கு அடியில் நீட் புத்தகம் இருக்கும். ரயிலில் அதைத்தான் படிப்பாள். வகுப்பிலும் மடியில் அதுதான் இருந்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது. இதற்கும் அதற்கும் நடுவில் முதல் செமஸ்டர் வந்தது. மூன்று பேப்பரில் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் ஒருமுறைகூட ஃபெயில் என்ற வார்த்தையைக் கேட்காத பெண்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். அப்போது பார்த்து நீட்டுக்கு அடுத்த வருஷத்து அப்ளிகேஷன் திறந்தது. வகுப்பில் ஒரு மேடம், "செமஸ்டரையே தாண்ட முடியல, உனக்கு மெடிக்கலா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். சொந்தக்காரர்கள் அதையே கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கேட்டார்கள்.

என் மனைவி சொன்னாள். "போதும்ங்க. இருக்கற படிப்ப ஒழுங்கா முடிக்கட்டும். திரும்ப ஒரு தடவை இந்தப் புள்ள உடைஞ்சா என்னால தாங்க முடியாது."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்ளை செய்தால் மறுபடி தோற்கலாம். செய்யாவிட்டால் இப்போதே தோற்றதாகிவிடும். எது பிள்ளையைக் காப்பாற்றும் என்று எனக்குத் தெரியவில்லை. டியூபில் ஓட்டை எங்கே என்று தண்ணீர் காட்டிக் கொடுத்துவிடும். பிள்ளை விஷயத்தில் எந்தத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பது?

பவியும், "வேணாம்பா, நான் அப்ளை பண்ணல" என்றாள். முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் கடைசித் தேதி நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலை வாரிப் பின்னிக்கொண்டு என் கடைக்கு வந்து, ஓட்டை ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்றாள்.

"அப்பா, போட்டோ மட்டும் எடுத்து வெக்கட்டுமா? அப்ளை பண்றதும் பண்ணாததும் அப்புறம்."

அந்த 'மட்டும்' எனக்குப் போதுமாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். ஆனால் பக்கத்துக் கடை வாசலில் கால் நின்றுவிட்டது. உள்ளே இருப்பவர் யார்? வாயைத் திறந்தால் இழவு பேசுகிற மனிதர். நொந்து போயிருக்கிற பிள்ளையை அவர் முன்னால் உட்கார வைக்கலாமா? யோசிப்பதற்குள் பவி உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னா வேணும்?"

"நீட்டுக்கு போட்டோ பெரியப்பா. வெள்ள பேக்ரவுண்டு. ரெண்டு காதும் தெரியணும்."

அவர் கேமராவைத் துடைத்தார். "செமஸ்டர் போச்சாமே?"

நான் கண்ணைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"போச்சு பெரியப்பா."

"எத்தினி?"

"மூணு."

"நீட்டும் போவும்னு வெச்சுக்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணே!" என்றேன்.

"நீ சும்மா இரு தம்பி. ஏம்மா, போச்சுன்னா என்னா பண்ணுவ?"

பவி பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, "தெரியல பெரியப்பா" என்றாள்.

"இதுல தெரியாததுக்கு என்னா இருக்கு? அடுத்த வருஷம் இதே ஸ்டூல்ல வந்து உக்காருவ. நான் இதே மாதிரி காத நிமித்துன்னு சொல்லுவேன். காது மாறாது. ம், தலைய நேரா வையி. சிரிக்காத. சிரிச்சா அப்ளிகேஷன் ரிஜெக்ட் ஆயிடும்."

அவள் சிரித்துவிட்டாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு. ஆறுதல் சொன்னவர்களும் திட்டினவர்களும் செய்ய முடியாததை, போகும் என்று சொன்னவர் செய்துவிட்டார். அவர் கோபத்தோடு, "சிரிக்காதன்னு சொல்றேன், சிரிச்சிகினே இருக்கியே" என்று அதட்ட அதட்ட, அவள் முகத்தை நேராக்க முடியாமல் திண்டாடினாள். ஊரெல்லாம் சிரிப்பைத் தேடி ஓடும் மனிதர், அன்றைக்குச் சிரிப்பு அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து படம் எடுத்தார்.

அச்சடித்து, ஓரம் வெட்டி, சின்னக் கவரில் போட்டுக் கொடுத்தார். பென்டிரைவிலும் ஏற்றிக் கொடுத்தார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, அந்தப் படத்தை அழித்தார். அழித்ததோடு விடாமல், குப்பைத்தொட்டிப் படத்தையும் திறந்து அதிலிருந்தும் காலி செய்தார்.

பவிக்கு ஆச்சரியம். "பெரியப்பா, எல்லார் போட்டோவும் வெச்சிருப்பீங்களே? என்னுது வேணாமா?"

"வேணாம்."

"ஏன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் துணி தேடினார். கழுத்தில் டேப்தான் இருந்தது. அதன் நுனியாலேயே துடைத்தார்.

"முன்ன ஒரு பையன். இதே ஸ்டூலு. இதே வெள்ள துணி. அப்ளிகேஷனுக்குன்னு வந்து எடுத்துகினு போனான். அப்புறம் ரிசல்ட் வந்த வாரத்துல அவுங்க அப்பா வந்தாரு. வேற போட்டோ தேட வேணாங்க, உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும், அப்பிடின்னாரு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இருந்துச்சி."

வெளியே ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அன்னைக்கு அந்த மேகத்த என்னால வெக்க முடியல. வெறும் வெள்ளையிலயே அடிச்சிக் குடுத்துட்டேன். அதுலேந்து படிக்கிற புள்ளைங்க போட்டோ எதையும் நான் வெச்சிக்கறதில்ல. உனக்குத் திரும்ப வேணும்னா நீதான் வரணும். உங்கப்பன் வரக் கூடாது. நீ வரணும், நடந்து."

பவி தலையை ஆட்டினாள். கவரை வாங்கிக்கொண்டு படி இறங்கினாள். அன்று மாலையே அப்ளிகேஷன் போட்டாள். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் டைப் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். அஞ்சலி அண்ணன் சொன்னதுதான். நீட்டும் போனது. ஆனால் முதல் தடவை போன தூரத்துக்குப் போகவில்லை. கொஞ்சம் கிட்டத்தில் போனது. அந்த ரிசல்ட் வந்த நாள் நான் கடையைத் திறக்கவில்லை. வீட்டிலேயே வாசலில் உட்கார்ந்திருந்தேன். பவி அழுதாள். நன்றாக அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, "காது மாறாதுப்பா" என்றாள். அவளுடைய அம்மாவுக்கு அது என்னவென்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அரியரில் இரண்டை முடித்துவிட்டாள். மூன்றாவது, வேதியியல், இன்னும் அவளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த வருஷம் அப்ளிகேஷன் திறந்ததும் என்னிடம் சொல்லாமலே பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறாள். தகரத்தின் வழியாகத்தான் எனக்குத் தெரிந்தது.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன் பெரியப்பா."

"நடந்தா வந்த?"

"நடந்துதான்."

"ம். உக்காரு. போன தடவை எடது காது கொஞ்சம் மறைஞ்சிருந்திச்சி. அதான் சீட்டு போச்சு."

நான் டியூபைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். குமிழி எங்கே வருகிறது என்றே பார்க்கவில்லை.

பரீட்சை எழுதிவிட்டாள். ரிசல்ட் இன்னும் வரவில்லை. குமார் பேனாவோடு வந்தான். அவன் அக்காவே பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். சீட்டு கிடைக்கும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, கிடைக்காது என்று சொல்லவும் மனசில்லை. ராத்திரி படுத்தால் இன்னும் ஒருமுறை எழுந்து அவள் தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

போன வாரம் அஞ்சலி அண்ணன் ஏணியோடு எங்கோ ஃப்ளெக்ஸ் கட்டப் போனார். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டர் திறந்தே இருந்தது. சும்மா உள்ளே போய்ப் பார்த்தேன். ஓவர்சியர் கருகரு மீசையோடு இருந்தார். டீக்கடைக்காரர் இருந்தார். ஸ்ரீமுஷ்ணத்துச் சித்தப்பாகூட எப்போதோ மாட்டியிருந்தார். என் மனைவி இருந்தாள், நான் இருந்தேன், கன்னத்தில் கிரீஸைத் துடைத்துவிட்டு, நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.

எங்கள் தெருப் பிள்ளைகள் ஒருவர்கூட அதில் இல்லை.